பிரிந்திருந்து உழைப்பார் ஒன்றுபடும் வழி

(ஜலகண்டாபுரத்தில் நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

   

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஓரிடத்திற் கூடாமல் தத்தம் இல்லங்களிலிருந்தே ஒரு தொழிலைச் செய்வோர் தம்முள் ஒற்றுமையும் உறவும் உடையராதல் எங்ஙனம் என்பது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ள ஸ்தாபனங்களுக்கு, நம் வீட்டு உள்ளறையிலே கணினி முன் அமர்ந்து ஊழியம் புரியும் பிள்ளைகள் இன்று நம்மிடையே உளர். அவர்களிற் சிலர் என்னிடம் தமிழ் பயின்றவர்கள். அவர்களுடைய பெற்றோர் என்னைக் காணுந்தோறும், "வாத்தியாரய்யா, பிள்ளைக்குச் சம்பளத்திலே குறைவில்லை, முகத்திலேதான் தெளிவில்லை" என்று கூறுகின்றனர். இக்குறைக்குக் காரணம் யாது, மருந்து யாது என்று ஆராயப் புகுந்தபோது, மருந்து நம் முன்னோர் கையிலேயே இருந்தமை புலனாயிற்று. அதனை உங்கள் திருமுன் வைக்கவே வந்தேன்.

வீட்டிலிருந்து வேலை செய்தல் என்பது உலகிற்குப் புதுமையாகத் தோன்றலாம். நெசவுக் குடியிற் பிறந்த நமக்கு அது புதுமையன்று. தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு எழுந்து போவது நம் பாட்டனார் வழக்கமன்று. வீடே தொழிற்சாலை; கூடத்திலே குழித்தறி; தாழ்வாரத்திலே ராட்டினம். ஒருவன் தன் தறிக்குழியிற் காலை வைத்து அமர்ந்தானாயின், பக்கத்து வீட்டான் முகம் காணுதற்கு இல்லை. இருவருக்கும் நடுவே மண்சுவர். காதில் விழுவது அவன் நாடா ஓடும் ஓசை ஒன்றே. இங்ஙனம் தனித்தனிச் சுவருக்குள் அடைபட்டு உழைத்த மக்கள், நாட்டில் மிக நெருங்கிய கட்டுப்பாடுடைய மக்களாய் விளங்கினரென்றால், அதன் உளவு யாது? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

முதலாவது, நெசவு என்பது ஒருவன் தொழில் போலத் தோன்றினும் உண்மையில் ஒருவன் தொழிலன்று. நூலுக்குச் சாயம் தோய்ப்பார் ஒருவர். பாவு ஓட்டுவார் ஒருவர். தார் சுற்றுவார் ஒருவர். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார் ஒருவர். இத்தனை பேர் கைபட்ட பின்னரே நெய்பவன் நாடாவைத் தொடுகிறான். 2019-20-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, இத்தேசத்துக் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேர். இவர்களுள் நெய்வோர் 26.73 லட்சம் பேர். நெசவுக்குத் துணைவேலை செய்வோர் 8.48 லட்சம் பேர். கணக்கில் வாராமல் சமையலுக்கிடையே தார் சுற்றும் கைகளோ எண்ணிலடங்கா. தன் வேலை பிறர் வேலையின் மேல் நிற்கிறது என்பதை நெசவாளன் நாள்தோறும் கண்ணாற் கண்டான். ஒற்றுமைக்கு முதல் வித்து இதுவே.

இரண்டாவது பாவடி. இளைஞர்களிற் பலர் இச்சொல்லை இடப்பெயராக மட்டும் அறிவர். சேலம் நகரிலும் இம்மாவட்டத்து நெசவூர்களிலும் தெருவுக்கும் திடலுக்கும் இப்பெயர் இன்றும் வழங்குகிறது. பாவடியாவது, பாவினை நீள விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுதற்கென்று ஊரார் பொதுவில் விட்ட நிலம். நெசவுக்கு முன் பாவுநூலுக்குக் கஞ்சி ஏறவேண்டும். ஏறாவிடின் தறியில் இழை அறும். பல கெஜ நீளமுள்ள பாவை வீட்டினுள் விரித்தல் இயலாது. ஆதலின் விடியற்காலத்தே, வெயில் ஏறுமுன், பாவடியில் கவைக்கோல்களை நட்டு, அவற்றின்மேல் பாவைத் தாங்கவிட்டு, இருமருங்கும் ஆட்கள் நின்று, கஞ்சி தோய்ந்த பாவைப் பாவாற்றியால் நீவிக்கொண்டே ஒரே நடையாக நடப்பார்கள். ஒருவன் முந்தினாலும் ஒருவன் பிந்தினாலும் கஞ்சி ஒருசீராக ஏறாது. அறுந்த இழையை அருகில் நிற்பவன் உடனே முடிந்துவிட வேண்டும். "இஃது என் பாவன்று" என்று ஒருவனும் கை கட்டி நிற்றல் ஆகாது. காய்வதற்கு முன்னே காரியம் முடிய வேண்டும்.

இவ்வேலைக்கு ஒரு வீட்டு ஆட்கள் போதார். ஆதலின் இன்று உன் பாவுக்கு நான். நாளை என் பாவுக்கு நீ. எட்டு நாள் சுவருக்குள் தனித்திருந்தவன், ஒன்பதாம் நாள் விடியலிலே பாவடியில் பத்துப் பேரோடு தோள் உரச நடந்தான். அங்கே நூல் விலை பேசப்பட்டது. எந்த வியாபாரி கூலியைக் குறைத்தான் என்பது பேசப்பட்டது. எவர் வீட்டில் நோய், எவர் வீட்டில் மணம் என்பது தெரிந்தது. புதிதாகத் தறி ஏறிய சிறுவன், மூத்தோர் கையைப் பார்த்துத் தொழில் நுணுக்கம் கற்றான். "ஏனப்பா, முகம் வாடியிருக்கிறாய்?" என்று கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தான்.

அன்பர்களே! கவனிக்க வேண்டிய நுட்பம் ஈண்டு ஒன்றுண்டு. பாவடியில் நம் முன்னோர் உறவு வளர்ப்பதற்காகக் கூடினார்களல்லர். பாவு ஆற்றுதற்காகக் கூடினார்கள். உறவு தானே வளர்ந்தது. ஒருவராற் செய்து முடிக்க இயலாத வேலையைப் பலர் ஒரு நேரத்தில், ஓரிடத்தில், ஒரு நடையில் செய்தமையால் ஒற்றுமை பிறந்தது. "ஒற்றுமையாயிருங்கள்" என்ற உபதேசத்தால் அது பிறந்ததன்று.

பின்னர் ஆலையிலேயே கஞ்சியேற்றி உருளையிற் சுற்றிய பாவு வந்தது, விசைத்தறி வந்தது. முதுகு ஒடியும் வேலை குறைந்தமை நன்றே. அதனை யான் குறை கூறேன். ஆயின் பாவு தெருவை விட்டு நீங்கியபோது, பாவைச் சுற்றி நின்ற பத்துப் பேரும் நீங்கினர். அவர்களைக் கூட்டுதற்கு வேறொரு வேலையை நாம் ஏற்படுத்தவில்லை. தறியோசை பெருகிற்று, பேச்சோசை குன்றிற்று. கருவி மாறும்போது, பழைய கருவியோடு ஒட்டியிருந்த உறவை எங்கே வைப்பது என்று எண்ணாமற் போதல், எத்தொழிலிலும் நேரும் பிழை.

மூன்றாவது, கணக்கு. பிரிந்திருந்து உழைப்பவர்க்குள் ஐயம் எளிதில் முளைக்கும். "அவனுக்கு நல்ல நூல், எனக்குச் சிக்கல் நூல்" என்ற எண்ணம் ஒருவன் மனத்திற் புகுந்தால் அதனை ஆற்ற எதிரில் ஆளில்லை. இதற்கு மருந்து கண்டவர்களுள்ளும் நெசவாளர்கள் இருந்தனர். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில், விசைத்தறியாலும் குறைகூலியாலும் நலிந்த நெசவாளரும் பிற தொழிலாளரும் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் பங்கெடுத்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பண்டங்களே முதலில் அங்கிருந்தன. ஒருவர்க்கு ஒரு வாக்கு, யாவரும் காணும் கணக்கு என்பன அவர்கள் வகுத்த விதிகளுட் சில. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அக்கடை வழிகாட்டியாயிற்று. நம் தேசத்தில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், 1912-இல் பிறவகைச் சங்கங்கட்கும் இடந்தரும் சட்டமும் பிறந்தன. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கம் 1935-இல் தோன்றிற்று. சங்கத்து உறுப்பினன் நூலை வாங்கித் தன் வீட்டிலே நெய்கிறான். துணியைச் சங்கத்திலே கொடுக்கிறான். கூலி அவன் புத்தகத்தில் ஏறுகிறது. அவன் தறியில் எத்தனை நாழிகை அமர்ந்தான் என்று எட்டிப் பார்ப்பார் எவருமிலர். துணியை விரித்து, அளந்து, இழையைப் பார்த்தால் நெசவு தெரிந்துவிடும்.

நிற்க. இனி நம் பிள்ளைகளின் காரியத்திற்கு வருவோம். வேலையை ஆளிடம் அனுப்பலாம், ஆளை வேலைக்கு அழைக்க வேண்டுவதில்லை என்ற கருத்தை, 1973-இல் ஜாக் நிலஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலார் ஒரு பெயரிட்டு எடுத்துரைத்தார். அன்று கருத்தளவில் நின்றது, 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் கொரோனா நோய் காரணமாக நம் தேசம் முழுதும் அடைக்கப்பட்டபோது, பல லட்சம் பேர்க்கு வாழ்க்கையாயிற்று. டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் என்னும் பெரு ஸ்தாபனம், 2025-க்குள் தன் ஊழியரில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அலுவலகத்தில் இருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் அறிவித்தது. அதுவே 2023-இல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்திற்கு வருக என்று அழைத்தது. பெரியவர்களே இவ்வாறு ஒரு கரையினின்று மறுகரைக்கு மாறுவாராயின், இது எளிதிற் தீரும் வழக்கன்று என்பது விளங்கும்.

இதுபற்றி அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றுள் இரண்டொன்று சொல்வேன். சீன தேசத்தில் ஸீட்ரிப் என்னும் பிரயாண ஸ்தாபனத்தில், விருப்பமுற்று முன்வந்த 249 ஊழியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டனர். அவர்கள் வேலைத்திறம் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது. ஆயினும் முடிவில் விருப்பம் கேட்டபோது, அவர்களிற் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்பினர். தனிமையே அதற்குத் தலைமையான காரணமாயிற்று. வேலை வளர்ந்தும் மனம் வாடிற்று என்பதே இதன் பொருள். மைக்ரோஸாப்ட் ஸ்தாபனத்து அமெரிக்க ஊழியர் 61,182 பேருடைய கடிதப் போக்குவரத்தையும் உரையாடல்களையும் ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு வேறொன்று காட்டிற்று. யாவரும் வீட்டிலிருந்து உழைத்த காலத்தில், ஒரு குழுவினர் தம் குழுவினரோடு நெருங்கினர். பிற குழுவினரோடு கலந்து உழைக்கும் நேரமோ நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. ஒரே வீட்டார் ஒட்டியிருக்க, தெரு பிரிந்து போயிற்று என்று நம் வழக்கிற் சொல்லலாம். பாவடி இல்லாத ஊரின் நிலை இதுவே.

அறியாத தேசத்துச் செய்தி இருக்கட்டும். அறிந்த பிள்ளை ஒருத்தியின் செய்தி கூறுகிறேன். அவள் பெயரும் அவள் ஸ்தாபனத்தின் பெயரும் வேண்டா. கல்லூரி முடித்தவுடன் உத்தியோகம் கிடைத்தது; கணினி தபாலில் வந்தது; எட்டு மாதம் உடன் உழைப்பவர் ஒருவர் முகத்தையும் நேரிற் கண்டதில்லை. ஒரு சிறு ஐயம் தோன்றினால் எவரைக் கேட்பது என்று தெரியாது. அலுவலகத்தில் இருந்தால் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிக் கேட்டிருப்பாள். இங்கோ கேள்வியை எழுத வேண்டும், எழுதினாற் பலர் காண்பர், "இதுவுந் தெரியாதா" என்பாரோ என்ற கூச்சம். கால் நாழிகையில் தீரும் ஐயத்தை இரண்டு நாள் மனத்திற் சுமந்தாள். விரல் ஓய்ந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியொன்றும் அவள் கணினியில் வைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில், ஊழியர் ஒற்றுமைக்கென்று திரையிலே விளையாட்டு. எல்லாரும் சிரிக்க வேண்டுமென்பது கட்டளை. அவள் சிரித்துவிட்டு, கணினியை மூடிவிட்டு அழுவாளாம். பின்னர் வேறிடம் மாறினாள். அங்கும் வீட்டிலிருந்தே வேலைதான். ஆனால் முதல் மூன்று மாதம், மூத்த ஊழியர் ஒருவர் காலைதோறும் அரைமணி நேரம் தொலைபேசியில் உடனிருந்து, அவள் வேலையை அவளோடு சேர்ந்து செய்தார். இன்று அவள் முகம் தெளிந்திருக்கிறது. விளையாட்டால் வாராத உறவு வேலையால் வந்தது. அந்த அரைமணி நேரமே அவளுக்குப் பாவடி.

இவ்வளவுங் கொண்டு சில முடிபுகளை முறையாகக் கூறுவேன்.

பிரிந்திருப்போரை நடத்தும் தலைமையில் நம்மவர் எவரேனும் இருப்பின் அவர்க்குச் சொல்வது: ஒற்றுமைக்கென்று தனியே கூத்து நடத்த வேண்டா. வாரத்திற் சில நாழிகை, ஒருவராற் செய்ய இயலாத வேலையொன்றை எல்லாரும் ஒரே நேரத்திற் செய்யுமாறு வகுப்பீராக. புதிதாக வந்தவனைத் தனியே விடாமல் மூத்தவன் ஒருவனோடு பிணைப்பீராக. புதுப்பாவை வெறுமனே தறியில் இட்டால் நெசவு நடவாது, பழைய இழையோடு பிணைத்தாலே நடக்கும். கருவி வைத்துக் காவல் செய்தலை விடுத்துத் துணியைப் பார்ப்பீராக. முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் யாவரும் காண எழுதி வைப்பீராக. ஊழியர் அனைவரும் தத்தம் இடத்திலிருந்தே உழைக்கும் கிட்லேப் என்னும் ஸ்தாபனம், தன் நடைமுறைகளையெல்லாம் ஒரு கைந்நூலாக எழுதி உலகோர் காண இணையத்தில் வைத்திருக்கிறது. நம் கூட்டுறவுச் சங்கத்தின் திறந்த கணக்குப் புத்தகத்திற்கு அது தம்பி எனலாம்.

இளைஞர்க்குச் சொல்வது: தெரியாததைக் கேட்பது இழிவன்று, பாவடியில் இழை அறுந்தால் "அறுந்தது" என்று உரக்கக் கூவுவதே முறை. கூவாதவனே பாவைக் கெடுத்தவன். உடன் உழைப்போன் ஒரு வாரம் வாளா இருப்பின், வேலை நிமித்தமன்றி, "நலமா அண்ணா?" என்று ஒரு சொல் விடுத்துக் கேள். அவன் தறியோசை நின்றதைப் பக்கத்துச் சுவரிலிருந்து கேட்டறிய இப்போது வழியில்லை; கேட்டால்தான் தெரியும்.

பெற்றோர்க்கும் மாமன் மாமியர்க்கும் சொல்வது: வீட்டில் இருக்கும் பிள்ளை வேலையற்ற பிள்ளை அல்லன். தறியில் அமர்ந்தவனை இடையில் எழுப்பிக் கடைக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. ஆனால் கணினி முன் இருக்கும் மருமகளை மட்டும் அடுப்புக்கும் வாசலுக்கும் பத்து முறை அழைக்கிறோம். முன்பு தார் சுற்றிய கைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம்; அத்தவற்றை மறுபடி செய்ய வேண்டா. அவள் வேலை நேரத்தைத் தறி நேரமாக மதிப்போமாக. வேலை முடிந்தபின் அவள் வெளியிற் சென்று நாலு பேரைக் கண்டு வருதற்கும் இடந்தருவோமாக.

இறுதியாக நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். வீட்டிற்கும் தொலைநகரத்திற்கும் நடுவே ஒரு வழியுண்டு. ஸோஹோ என்னும் தமிழ்நாட்டு ஸ்தாபனம் 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் அமைத்து, அப்பக்கத்துப் பிள்ளைகள் ஊரை விட்டு நீங்காமலும், தனியறையில் அடைபடாமலும் கூடி உழைக்க வழி செய்தது. நம்மால் அவ்வளவு இயலாது. ஆயினும் நம் சங்கக் கட்டடத்தில் வார நாட்களிற் பூட்டிக் கிடக்கும் அறையொன்றை, மின்சாரமும் இணையமும் நாற்காலிகளும் இட்டு, வீட்டிலிருந்து உழைப்போர்க்குப் பொதுவாகத் திறந்துவிடலாகாதா? ஸ்தாபனங்கள் வேறு வேறாயினும், பகலுணவை ஒருங்கே உண்ணலாம். ஒருவன் ஐயத்தை ஒருவன் தீர்க்கலாம். பெண்மக்கள் அச்சமின்றி வந்து செல்லலாம். மாதம் ஒருமுறை, தறியில் உழைப்பவரும் கணினியில் உழைப்பவரும் அங்கே ஒன்றாக அமரட்டும். நெசவாளர்க்கு வேண்டும் கணக்கும் விற்பனையும் இளைஞர் எழுதிக் கொடுக்கட்டும்; பிரிந்திருந்தும் ஒன்றாய் வாழ்ந்த கலையை மூத்தோர் அவர்க்குச் சொல்லட்டும். பாவடி நிலம் எங்கெங்கு எஞ்சியுள்ளதோ, அங்கங்கே அது பொதுவாகவே நிலைக்குமாறு காத்தலும் நம் கடமை.

தமிழாசிரியனாதலின் ஒரு குறிப்போடு முடிக்கிறேன். திருவள்ளுவரை நெசவாளரென்று கூறும் செவிவழிச் செய்தி நீங்கள் அறிந்ததே. அவர் நூலில் சுற்றந்தழால் என்னும் அதிகாரம் ஐம்பத்துமூன்றாவது. சுற்றத்தாரைத் தழுவிக் கொள்ளுதல் வீட்டு விஷயமாயிற்றே, இல்லறவியலில் வைத்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ அதனைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். உடனிருப்போரைப் பிரியாது பேணுதல் ஓய்ந்த நேரத்துப் பொழுதுபோக்கன்று. காரியம் நடத்துவோன் செய்ய வேண்டிய காரியங்களுள் அதுவும் ஒன்று என்பது அவர் கருத்தென்க. இழைகள் தனித்தனியே நிற்பினும் ஊடை குறுக்கே சென்று வரும்வரை அது துணியாதல் உறுதி. அந்த ஊடையை ஓட்டும் பொறுப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

சங்கத்து அறையைத் திறப்பது பற்றி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டி, அமர்கிறேன்.